நூற்றுக்கு எத்தனை பேர்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. பானை முழுவதும் வெந்துவிட்டதா என்று அறியப் பானையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டுவதில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாலே போதும். அடுப்பங்கரையில் இம்மொழி பொய்ப்பதில்லை. ஆனால் இதனைப் பள்ளிக்கூடங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாமா? ஒரு பள்ளியைப் பற்றிய ஓர் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அது நல்ல பள்ளியா, அன்றா என்று தீர்ப்புக் கூற முடியுமா? இவ்வினாவுக்கு விடை காண ஒரு நாட்டின் வரலாறு நமக்குத் துணை செய்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொதுப் பள்ளிகளில், சிறப்புக் கல்வி பெறும் குழந்தைகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற ஒரே ஓர் எண்ணின் வரலாற்றை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

சிறப்புக் கல்வி என்பது யாது? ஒரு வகுப்பில் உள்ள குழந்தைகள் எல்லோரும் ஒரே முறையில் கற்பிக்கத்தக்கவர் அல்லர். பார்வை குன்றியோர் உண்டு. செவிப்புலன் இல்லாதோர் உண்டு. பேச்சுத் தடை உடையோர் உண்டு. அறிவு வளர்ச்சி மெதுவாக நிகழ்வோர் உண்டு. மற்றெல்லாத் திறமும் நன்கு அமைந்திருந்தும், எழுத்தைக் கூட்டிப் படிப்பதில் மட்டும் இடர்ப்படுவோரும் உண்டு. இத்தகைய குழந்தைகளின் தேவையை அறிந்து, அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கொண்டும், அதற்கென வகுத்த முறையைக் கொண்டும் கற்பிப்பதே சிறப்புக் கல்வி. ஒரு பள்ளியில் பயிலும் 100 மாணவருள் இக்கல்வியைப் பெறுவோர் எத்தனை பேர் என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட எண்.

இப்பொழுது இரண்டு பள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இவ்வெண் 6, மற்றொன்றில் 18. எந்தப் பள்ளி சிறந்தது? ஆறு என்ற பள்ளியில் ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள், ஆதலால் தனிக் கல்வி தேவைப்படுவோர் குறைவு என்று ஒருவர் கூறலாம். அப்பள்ளி தேவைப்பட்ட குழந்தைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது என்று இன்னொருவர் கூறலாம். பதினெட்டு என்ற பள்ளி கருணை மிக்கது என்று ஒருவர் பாராட்டலாம். கற்பிக்கத் தெரியாத பள்ளி, தன் தோல்விக்கெல்லாம் குழந்தைகளின் மேல் முத்திரை குத்திவிட்டது என்று இன்னொருவர் பழிக்கலாம். எண் ஒன்றுதான், அதற்கு இருவகைப் பொருளும் பொருந்துகின்றன. இவற்றுள் எது உண்மை என்பதை எண் தானாக வாய் திறந்து சொல்லாது. அதன் பின்னே உள்ள வரலாறுதான் சொல்ல வேண்டும்.

அவ்வரலாற்றின் தொடக்கம் எளிமையானது, இனிமையானதும்கூட. 1899ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த ஒரு பகுதியில், ஹென்றித் தெருப் பள்ளியில், எலிசபெத் ஃபாரெல் என்ற ஆசிரியை ஒரு வகுப்பைத் தொடங்கினார். மற்ற வகுப்புகளில் ஒட்ட முடியாமல் போன பிள்ளைகளை அவர் சேர்த்துக்கொண்டார். அவ்வகுப்புக்கு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற படிவரிசை கிடையாது. பிள்ளைகளின் நிலைக்கு ஏற்பப் பாடம் அமைந்ததேயன்றிப் பாடத்திற்கு ஏற்பப் பிள்ளைகள் வளைக்கப்படவில்லை.

அதே காலத்தில் கட்டாயக் கல்விச் சட்டங்கள் எங்கும் பரவி வந்தன. எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வரத் தொடங்கியதும், யாருக்குத் தனி உதவி வேண்டும் என்று அறியும் கருவி ஒன்று தேவைப்பட்டது. பிரெஞ்சு நாட்டில் 1904ஆம் ஆண்டில் அரசாங்கம் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் இருந்த அறிஞர் ஆல்ஃபிரெட் பினே, சைமன் என்பவரோடு சேர்ந்து 1905ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வகுத்தார். அறிவுச் சோதனைகளுக்கெல்லாம் தாய் அதுவே. குழந்தையின் அறிவு என்றும் மாறாத ஓர் அளவு என்று பினே கருதவில்லை. உதவி தேவைப்படும் குழந்தையைக் கண்டுபிடிக்கவே அவர் கருவி செய்தார். குழந்தையை ஒதுக்கி வைக்க அன்று. ஆனால் அக்கருவி கடல் கடந்து அமெரிக்காவை அடைந்தபோது அதன் குணம் மாறிவிட்டது. 1908ஆம் ஆண்டில் காடர்டு என்பவர் அதனை அந்நாட்டிற்குக் கொண்டுவந்தார். 1916ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து டெர்மன் அதனைத் திருத்தி விரிவாக்கினார். அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது என்ற கொள்கை உடையவர்கள் இவர்கள். பள்ளிகளின் கையில் ஒரு கோடு கிடைத்தது. கோட்டுக்கு மேலே நிற்கும் குழந்தை ஒரு வகை. கீழே நிற்கும் குழந்தை மற்றொரு வகை.

இனி நம் எண்ணுக்கு வருவோம். முதலில், இந்த எண் மிகக் குறைந்திருந்த ஒரு காலத்தைக் காண்போம். 1960ஆம் ஆண்டுகளின் இறுதியிலும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், சில குழந்தைகளைப் பள்ளியிலேயே சேர்க்க வேண்டாம் என்று சட்டமே இடம் கொடுத்தது. பென்சில்வேனியா மாநிலத்தில், முதல் வகுப்பில் சேரும் பருவத்தில் ஐந்து வயதுக்குரிய அறிவு வளர்ச்சியை அடையாத குழந்தைக்குப் பள்ளி கதவை அடைக்கலாம். அக்குழந்தையின் பெற்றோரும் வரி கொடுத்தவர்களே. அவர்கள் பிள்ளைக்கு மட்டும் பள்ளி இல்லை.

தலைநகராகிய வாஷிங்டனிலும் இதே நிலைதான். அந்நகரில் உடற்குறையோ அறிவுக் குறையோ உணர்ச்சிக் கோளாறோ உடைய குழந்தைகள் ஏறத்தாழ 22,000 பேர் இருந்ததாகவும், அவர்களுள் 18,000 பேர்வரை தக்க கல்வி பெறாமல் இருந்திருக்கலாம் என்றும், 1972ஆம் ஆண்டில் முடிவான மில்ஸ் வழக்கின் தீர்ப்பு குறிப்பிடுகிறது. பள்ளி வாரியம் கூறிய விடை ஒன்றே: பணம் இல்லை. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பணம் போதவில்லையென்றால் அந்தப் பற்றாக்குறையை எல்லாக் குழந்தைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். குறையுடைய குழந்தையின் தலையில் மட்டும் அதனை ஏற்றி வைத்தல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. அதற்குச் சற்று முன்னர் பென்சில்வேனியாவிலும், பெற்றோர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், அறிவு வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கும் இலவசப் பொதுக் கல்வி அளிக்க மாநிலம் இசைந்திருந்தது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளிகள் கூடா என்று 1954ஆம் ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அளித்த பெருந்தீர்ப்பு இவ்வழக்குகளுக்கெல்லாம் வழிகாட்டியாக அமைந்தது. நிறத்தைக் காட்டிக் குழந்தையை விலக்குதல் குற்றமானால், குறையைக் காட்டி விலக்குதல் மட்டும் எப்படி நியாயம் ஆகும்?

ஆக, எண் சிறியதாக இருந்த அந்தக் காலத்தில், அதன் சிறுமை நன்மைக்கு அடையாளம் அன்று. பட்டியலில் இல்லாத குழந்தைகள் குறை இல்லாதவர்கள் அல்லர், பள்ளியே இல்லாதவர்கள்.

அப்படியானால் எண் பெருகுவதே நன்மை என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் பொருந்தாது. அதே ஆண்டுகளில் அதே நாட்டில், எண் தேவைக்கு மேற்பட்டுப் பெருகியதால் விளைந்த துன்பத்தையும் காண்கிறோம். லாய்டு டன் என்பவர் சிறப்புக் கல்வித் துறையிலேயே உழைத்தவர். அவர் 1968ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். அறிவு வளர்ச்சி சற்றே குறைந்தவர்கள் என்று பெயரிட்டுத் தனி வகுப்பில் வைக்கப்பட்டுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 60 முதல் 80 பேர்வரை ஏழைகளும் சிறுபான்மை இனத்தவருமே என்று அவர் மதிப்பிட்டார். ஏழ்மையும் மொழி வேறுபாடும் அறிவுக் குறை என்ற போர்வையைப் போர்த்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றன என்பதே அவர் கூற்றின் சாரம்.

இதற்குச் சான்று விரைவில் நீதிமன்றத்திலேயே வெளிப்பட்டது. கலிஃபோர்னியா மாநிலத்தில், வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் மெக்சிக்க வழிக் குழந்தைகள் ஒன்பது பேர், அறிவு குறைந்தோருக்கான வகுப்பில் வைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் எழுதிய சோதனையோ ஆங்கிலத்தில் அமைந்தது. பிறகு அவர்களை அவர்களுடைய தாய்மொழியிலேயே சோதித்தபோது, பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்கு மேலே நின்றார்கள்! குழந்தையின் அறிவு ஒரே நாளில் வளர்ந்துவிடவில்லை. வினாவின் மொழிதான் மாறியது. டயானா வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கு 1970ஆம் ஆண்டில் உடன்பாட்டில் முடிந்தது. வீட்டு மொழி எதுவோ அம்மொழியிலும் குழந்தையைச் சோதிக்க வேண்டும் என்பது அவ்வுடன்பாட்டின் முதன்மையான பயன்.

அடுத்து 1971ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கியது லாரி பி. வழக்கு. மாணவர்களே, எண்களை ஒப்பிட்டு நோக்கும் கலைக்கு இவ்வழக்கைவிடச் சிறந்த பாடம் வேறு இல்லை என்பது என் எண்ணம். அந்நகரப் பள்ளிகளில் பயின்ற மாணவர் நூற்றுவரில் கறுப்பினத்தவர் 28.5 பேர். அறிவு குறைந்தோருக்கான தனி வகுப்புகளில் இருந்தவர்களிலோ நூற்றுக்கு 66 பேர் கறுப்பினத்தவர். மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், முதல் எண் 9.1, இரண்டாம் எண் 27.5. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த நீதிபதி ராபர்ட் பெக்கம், இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் காட்ட வேண்டியது குழந்தையின் பொறுப்பு அன்று, பள்ளியின் பொறுப்பே என்றார். வழக்குத் தொடுத்த குழந்தைகளைக் கறுப்பின உளவியல் அறிஞர்கள் மறுபடி சோதித்தனர். குழந்தைகளோடு நன்கு பழகி, அவர்களுடைய வாழ்க்கைக்குப் பழக்கமான சொற்களில் வினாக்களை அமைத்துக் கேட்டபோது, அக்குழந்தைகள் 75 என்ற எல்லைக் கோட்டைத் தாண்டினார்கள். 1972ஆம் ஆண்டில் இடைக்காலத் தடையும், 1979ஆம் ஆண்டில் முழுத் தீர்ப்பும் வந்தன. அறிவுச் சோதனையைக் காட்டிக் கறுப்பினக் குழந்தைகளை அவ்வகுப்புகளுக்கு அனுப்புதல் கூடாது என்று தடுக்கப்பட்டது.

இங்கே நாம் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வகுப்புகள் உண்மையில் நல்ல கல்வியை அளித்திருந்தால், அங்கே அதிகம் பேர் சேர்ந்ததைக் குறித்து யாரும் வழக்குத் தொடுத்திருக்கமாட்டார்கள். அவ்வகுப்பில் நுழைந்த குழந்தை பொது வகுப்புக்குத் திரும்பி வருவது அரிது. அங்கே எழுத்தும் கணக்கும் குறைவாகவே கற்பிக்கப்பட்டன. முட்டுச் சந்து என்பார்களே, அது போன்ற வகுப்புகள் அவை. ஆகவே, எத்தனை பேர் உள்ளே சென்றார்கள் என்ற வினாவோடு, உள்ளே சென்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற வினாவும் சேர்ந்தால்தான் எண்ணுக்குப் பொருள் பிறக்கிறது.

விலக்கப்பட்ட குழந்தைகள் ஒருபுறம், தவறாகச் சேர்க்கப்பட்ட குழந்தைகள் மறுபுறம் என நின்ற இவ்விரு கொடுமைகளையும் நீக்க முயன்றதே 1975ஆம் ஆண்டுச் சட்டம். நாட்டில் குறையுடைய குழந்தைகள் 80 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தக்க கல்வி பெறவில்லை. 10 லட்சம் பேர் பொதுப் பள்ளிக்கு முற்றிலும் வெளியே இருக்கிறார்கள் என்று அந்நாட்டு மத்திய சட்டசபை கண்டது. அந்த ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு அச்சட்டத்தில் கையெழுத்திட்டார். குறையுடைய குழந்தைகளைப் பள்ளிகளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே எழுத்தில் ஒரு கல்வித் திட்டம் வகுக்க வேண்டும். இயன்ற அளவு மற்றக் குழந்தைகளோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். பெற்றோருக்கு மறுத்துரைக்கும் உரிமை உண்டு. இவையே சட்டத்தின் நான்கு தூண்கள். 1990ஆம் ஆண்டில் இச்சட்டம் வேறு பெயர் பெற்றது. இன்றுவரை அதுவே நடைமுறையில் உள்ளது.

சட்டம் வந்ததும் எண்ணிக்கையும் வந்தது. ஆண்டுதோறும் ஒவ்வொரு மாநிலமும் இக்குழந்தைகளைக் கணக்கெடுத்து மத்திய அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அக்கணக்கைப் பொறுத்துப் பணம் வந்தது. ஒரு குழந்தைக்கு நாட்டில் ஆகும் சராசரிச் செலவில் நூற்றுக்கு 40 பங்குவரை மத்திய அரசாங்கம் தரலாம் என்று சட்டம் இடம் வைத்தது; ஆனால் அந்த அளவை அது ஒருபோதும் எட்டியதில்லை. மேலும், எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தால், பணத்திற்காகக் கணக்கிடும்போது நூற்றுக்கு 12 குழந்தைகளுக்கு மேல் காட்டக்கூடாது என்ற வரம்பும் அச்சட்டத்தில் இருந்தது. ஆகவே குழந்தையைக் கண்டுபிடி என்று ஒரு கை அழைத்தது; அதிகம் கண்டுபிடித்துவிடாதே என்று மற்றொரு கை தடுத்தது. இவ்விரு கைகளின் இழுபறியே பின்வந்த வரலாறு முழுவதும் நடந்து வந்திருக்கிறது.

1976-77ஆம் கல்வியாண்டில் நாடு முழுவதும் சிறப்புக் கல்வி பெற்றோர் ஏறத்தாழ 37 லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு 8 பேர். 2004-05ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு 14 ஆயிற்று. 2011-12இல் 13ஆகத் தாழ்ந்தது. 2021-22இல் 15ஆக உயர்ந்து 73 லட்சம் பேரைத் தொட்டது. ஏன் இந்த ஏற்றமும் இறக்கமும்? அந்நாட்டுக் குழந்தைகளின் உடலும் உள்ளமும் இப்படி மாறி மாறி அமைந்தனவா? இல்லை. பெயர்களும் வரையறைகளும் மாறின. கற்றலில் மட்டும் இடர்ப்படும் குழந்தைகளுக்கு 1963ஆம் ஆண்டில்தான் சாமுவேல் கிர்க் என்ற அறிஞர் கற்றல் குறைபாடு என்ற பெயரைப் பரப்பினார். அப்பெயரின் கீழ் 1976-77இல் 8 லட்சம் பேர் இருந்தனர். 2000ஆம் ஆண்டையொட்டி அவர்கள் 28 லட்சத்துக்கு மேல் ஆயினர். ஆட்டிசம் என்ற நிலை 1990ஆம் ஆண்டில்தான் சட்டத்தில் தனி வகையாக இடம் பெற்றது. பெயர் வருமுன் அக்குழந்தைகள் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள், எண்ணப்படாமல் இருந்தார்கள், அல்லது வேறு பெயரில் எண்ணப்பட்டிருந்தார்கள்.

மாநிலத்துக்கு மாநிலமும் இந்த எண் வேறுபடுகிறது. 2021-22ஆம் ஆண்டில் நியூயார்க், பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களில் அது ஏறத்தாழ 20. ஐடஹோ, ஹவாயி ஆகிய மாநிலங்களில் ஏறத்தாழ 12. ஒரே நாடு, ஒரே மத்தியச் சட்டம். எனினும் இத்தனை வேறுபாடு. பென்சில்வேனியாவில் தனிக் கல்வி பெற்றிருக்கக்கூடிய ஒரு குழந்தை, ஐடஹோவில் பிறந்திருந்தால் அதனைப் பெறாமலே போயிருக்கலாம்.

இத்தகைய வேறுபாட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு டெக்சஸ் மாநிலத்தின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். 2004ஆம் ஆண்டில் அம்மாநிலக் கல்வித் துறை, பள்ளி மாவட்டங்களை மதிப்பிடும் அளவைகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்தது. சிறப்புக் கல்வி பெறுவோர் நூற்றுக்கு 8.5 பேருக்கு மேற்பட்டால் அந்த மாவட்டத்துக்கு மதிப்பெண் குறையும், மேற்பார்வை கூடும். அப்பொழுது அம்மாநிலத்தின் எண் 12ஐ ஒட்டி இருந்தது. நாட்டின் சராசரியோ 14ஐ நெருங்கியிருந்தது. எட்டரை என்ற அளவு எந்த ஆராய்ச்சியின் முடிவிலும் பிறந்ததன்று. எனினும், கல்வி அதிகாரிகள் அதனை நோக்கி நடந்தனர். குழந்தையைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டு வந்த பெற்றோரைச் சில பள்ளிகள் காத்திருக்கச் செய்தன. சில பள்ளிகள் வேறு உதவி தருகிறோம் என்று கூறித் திருப்பிவிட்டன.

எண் படிப்படியாக இறங்கியது. 2003-04 முதல் 2016-17 வரை டெக்சஸ் பள்ளிகளில் பயின்ற மொத்த மாணவர் தொகை 43 லட்சத்திலிருந்து 53 லட்சத்துக்கு மேல் உயர்ந்தது. அதே காலத்தில் சிறப்புக் கல்வி பெற்றோர் தொகை 5 லட்சத்து 9 ஆயிரத்திலிருந்து 4 லட்சத்து 77 ஆயிரமாகக் குறைந்தது. பிள்ளைகள் 10 லட்சம் கூடினர். சிறப்புக் கல்வி பெற்றோர் 32 ஆயிரம் குறைந்தனர். 2015ஆம் ஆண்டில் மாநிலத்தின் எண் மிகச் சரியாக 8.5 என்று வந்து நின்றது. அந்நாட்டு மாநிலங்கள் அனைத்திலும் அதுவே மிகக் குறைந்தது. இயற்கையாக விளைந்த எண் இவ்வாறு கட்டளையிட்ட இடத்தில் வந்து நிற்குமா?

இதனை வெளிக்கொணர்ந்தது ஒரு செய்தித்தாள். ஹூஸ்டன் கிரானிக்கிள் என்ற நாளிதழ் 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி இச்செய்தியைத் தொடராக எழுதியது. மாவட்டத்தோடு மாவட்டத்தையும், மாநிலத்தோடு மாநிலத்தையும், ஆண்டோடு ஆண்டையும் ஒப்பிட்டு அது கேள்வி எழுப்பியது. நாட்டின் சராசரியை டெக்சஸ் ஒட்டி நின்றிருந்தால், இன்னும் இரண்டரை லட்சம் குழந்தைகளாவது உதவி பெற்றிருப்பார்கள் என்று அவ்விதழ் கணக்கிட்டது. அது உச்சவரம்பு அன்று, ஓர் அளவுகோல் மட்டுமே என்று கல்வித் துறை விடை கூறியது. ஆயினும் 2017ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றமே அத்தகைய வரம்பைத் தடை செய்தது. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை, டெக்சஸ் மாநிலம் சட்டத்தை மீறியது என்று அறிவித்தது. அதன் பின் எண் மீண்டும் ஏறி, 2022-23ஆம் ஆண்டில் 12ஐக் கடந்தது. ஆனால் இடையில் கழிந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முதல் வகுப்பிலிருந்து பள்ளியிறுதிவரை வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு, அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்?

இன்னும் ஓர் ஒப்பீட்டைக் காண்போம். 1991ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலம் இயற்றிய சட்டத்தைத் தொடர்ந்து, அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிகள் என்ற ஒரு வகை தோன்றின. அரசாங்கப் பணத்தில் நடப்பவை; கட்டணம் இல்லாதவை; ஆனால் தனிக் குழுவினர் ஓர் ஒப்பந்தத்தின் பேரில் நடத்துபவை. 2009-10ஆம் ஆண்டில் மற்றப் பொதுப் பள்ளிகளில் குறையுடைய மாணவர் நூற்றுக்கு 11 பேர். சார்ட்டர் பள்ளிகளில் 8 பேர். மத்திய அரசாங்கத்தின் தணிக்கை அலுவலகம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு இது. அப்பள்ளிகள் குறையுடைய குழந்தைகளை விரட்டுகின்றன என்று ஒரு சாரார் குற்றம் சாட்டினர். 2013ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் பள்ளிகளை ஆராய்ந்த மார்க்கஸ் விண்டர்ஸ் என்பவர், குழந்தையைத் தனித் தனியே பின்தொடர்ந்து பார்த்தார். முதலிலேயே தனிக் கல்வி பெறும் குழந்தைகள் அப்பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பது குறைவு. சேர்ந்த பின்னர்ப் புதிதாக முத்திரை பெறுவோரும் அங்கே குறைவு. குறையுடையோர் பெருந்தொகையாக வெளியேறியதாகத் தெரியவில்லை என்பது அவர் கண்ட முடிவு. ஒரு நகரத்து முடிவை எல்லா நகரங்களுக்கும் ஏற்றிக் கூறலாகாது. ஆயினும், 11க்கும் 8க்கும் இடையே உள்ள 3 என்ற வேறுபாடு எத்தனை வழிகளால் பிறக்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

கறுப்பினக் குழந்தைகளைப் பற்றிய வழக்கும் முற்றிலும் முடிந்துவிடவில்லை. பால் மார்கன் முதலான ஆராய்ச்சியாளர்கள் 2015ஆம் ஆண்டில் வேறொரு வகையில் ஒப்பிட்டனர். வறுமையிலும் கற்ற அளவிலும் ஒத்த நிலையில் உள்ள வெள்ளைக் குழந்தையையும் கறுப்பினக் குழந்தையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கறுப்பினக் குழந்தைக்குச் சிறப்புக் கல்வி கிடைக்கும் வாய்ப்புக் குறைவு என்றனர். அறிஞர் பலர் இதனை மறுத்தும் எழுதினர். ஒரு காலத்தில் தவறாகச் சேர்க்கப்பட்டதால் துன்புற்ற இனத்தார், மற்றொரு காலத்தில் சேர்க்கப்படாததாலும் துன்புறக்கூடும் அல்லவா? இரண்டும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில், இருவேறு பள்ளிகளிலும் நிகழலாம். மொத்த எண் மட்டும் இவ்விரண்டையும் கூட்டிச் சராசரியாக்கி, இரண்டையும் நம் கண்ணுக்கு மறைத்துவிடும்.

இவ்வரலாற்றிலிருந்து நான் கொள்ளும் கருத்து இதுதான். பள்ளிகளின் எண்களை ஒப்பிடுவது தேவையானது. ஒப்பிட்டிராவிட்டால் சான் பிரான்சிஸ்கோவின் அநீதியும் தெரிந்திராது. டெக்சஸின் அநீதியும் தெரிந்திராது. ஆனால் ஒப்பீடு விசாரணையின் தொடக்கம், தீர்ப்பு அன்று. டெக்சஸ் அதிகாரிகள் எண்ணைத் தீர்ப்பாகவும் இலக்காகவும் ஆக்கினார்கள். வெப்பமானியின் பாதரசம் இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று ஆணையிட்டால் காய்ச்சல் இறங்கிவிடாது. வெப்பமானி பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆவீர்கள். இத்தகைய எண் எது உங்கள் மேசைக்கு வந்தாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். எண்ணியவர் யார், எந்தக் கோலைக் கொண்டு எண்ணினார்? எண் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கு ஆதாயம்? எண்ணப்பட்ட குழந்தைக்கும் எண்ணப்படாத குழந்தைக்கும் அதன் பிறகு என்ன நேர்ந்தது? மில்ஸ் வழக்கின் நீதிபதி கேட்டதும், பெக்கம் கேட்டதும், ஹூஸ்டன் நாளிதழ் கேட்டதும் இவ்வினாக்களையேயாகும்.

ஒரு பருக்கையைப் பார்த்துப் பானையின் பதம் அறியலாம். ஏனெனில், பானையில் உள்ள அரிசியெல்லாம் ஒரே வகை, ஒரே உலையில் ஒரே நேரம் கொதித்தவை. குழந்தைகளோ அப்படிப்பட்டவர்கள் அல்லர். ஆதலால் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னர், அந்த நூறு பேரையும் ஒவ்வொருவராகச் சென்று பார்க்கும் பொறுமையும் நமக்கு வேண்டும். எலிசபெத் ஃபாரெல் தம் வகுப்பில் செய்தது அந்த வேலையைத்தான்.